டெஸ்லா புறக்கணிப்பு: நுகர்வோரின் கோபம் எலான் மஸ்கை எதுவரை அசைத்தது?

புதுதில்லி: தேர்தலில் போட்டியிடாத ஒருவர், ஒரு நாட்டின் அரசுத் துறைகளில் எத்தனை பேர் பணியாற்ற வேண்டும் என்று முடிவு செய்யும் இடத்தில் அமர்ந்தால், அவரை ஏற்காத குடிமக்கள் என்ன செய்ய முடியும்? வாக்களித்து அவரை அகற்ற இயலாது. அமெரிக்காவில் 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தக் கேள்வியை எதிர்கொண்டவர்கள், நாடாளுமன்றத்துக்குச் செல்லாமல் கார் விற்பனையகங்களின் வாசலுக்குச் சென்றனர்.

டெஸ்லா நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி எலான் மஸ்குக்கு எதிரான அந்தப் போராட்டம், அண்மைக் காலத்தில் பெரும் செல்வந்தர் ஒருவருக்கு எதிராக நுகர்வோர் நடத்திய மிகப்பெரிய போராட்டங்களுள் ஒன்று. கார் விற்பனை சரிந்தது, லாபம் கரைந்தது, மஸ்கும் அரசுப் பொறுப்பிலிருந்து விலகினார். எனினும் அதே ஆண்டு முடிவதற்குள் டெஸ்லாவின் பங்கு விலை புதிய உச்சத்தைத் தொட்டது. அவருக்கு வரலாறு காணாத ஊதியத் தொகுப்பும் ஒப்புதல் பெற்றது. அப்படியானால் போராட்டம் வென்றதா, தோற்றதா? நுகர்வோர் புறக்கணிப்பின் வலிமையும் எல்லையும் இந்த ஓராண்டு நிகழ்வுகளில் தெளிவாகப் பதிவாகியுள்ளன.

போராட்டம் பிறந்த விதம்

2024-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் டொனால்ட் டிரம்ப்பையும் குடியரசுக் கட்சி வேட்பாளர்களையும் ஆதரித்து மஸ்க் 25 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டார். 2025 ஜனவரி 20-ஆம் தேதி பதவியேற்ற டிரம்ப், அன்றே 'அரசு செயல்திறன் துறை' (டோஜ்) என்ற அமைப்பை நிர்வாக உத்தரவின் மூலம் உருவாக்கினார். அந்த அமைப்பின் முகமாக விளங்கிய மஸ்க், 'சிறப்பு அரசு ஊழியர்' என்ற தகுதியில் செயல்பட்டார். இந்தத் தகுதியில் இருப்பவர் ஆண்டுக்கு 130 நாள்கள் வரை மட்டுமே பணியாற்ற முடியும் என்பது விதி.

அடுத்த சில வாரங்களில் அரசு ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் பணிநீக்கம் செய்யப்பட்டனர். உலகின் ஏழை நாடுகளுக்கு உதவி வழங்கி வந்த யுஎஸ்எய்ட் அமைப்பு கலைக்கப்படும் நிலைக்குத் தள்ளப்பட்டது. நீதிமன்றங்களில் வழக்குகள் தொடுக்கப்பட்டன. ஆனால் அவற்றின் தீர்ப்புகளுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அடுத்த நாடாளுமன்றத் தேர்தலுக்கோ ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இருந்தன.

இந்த இடைவெளியில்தான் பிப்ரவரி மாதம் 'டெஸ்லா டேக்டவுன்' என்ற பெயரில் போராட்டம் தொடங்கியது. பாஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியை ஜோன் டோனோவன், நடிகரும் ஆவணப்பட இயக்குநருமான அலெக்ஸ் வின்டர் ஆகியோர் இதன் தொடக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தனர். டெஸ்லா காரை விற்றுவிடுங்கள், அதன் பங்குகளைக் கைவிடுங்கள், விற்பனையகங்களுக்கு வெளியே நடைபெறும் மறியலில் கலந்து கொள்ளுங்கள் என்பவையே போராட்டக்காரர்கள் விடுத்த மூன்று அழைப்புகள்.

மார்ச் 29-ஆம் தேதி உலகளாவிய போராட்ட நாளாக அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவில் உள்ள 270-க்கும் மேற்பட்ட டெஸ்லா விற்பனையகங்களையும் சேவை மையங்களையும் இலக்காகக் கொண்டு அன்று ஆர்ப்பாட்டங்களுக்குத் திட்டமிடப்பட்டது. ஐரோப்பிய நகரங்களிலும் மக்கள் திரண்டனர். பாடகி ஷெரில் குரோ தனது டெஸ்லா காரை விற்று, அந்தத் தொகையை அமெரிக்கப் பொது வானொலிக்கு நன்கொடையாக அளித்தார். அரிசோனா மாகாண செனட் உறுப்பினர் மார்க் கெல்லியும் தன் காரைக் கைவிட்டார். காரை விற்க மனமில்லாதவர்கள், மஸ்கின் குணம் தெரிவதற்கு முன்பு வாங்கிய வண்டி இது என்ற பொருள்படும் வாசகத்தை அதன் பின்புறம் ஒட்டிக் கொண்டனர்.

ஏன் டெஸ்லா?

மஸ்கின் செல்வம் பல நிறுவனங்களில் பரவியிருக்கிறது. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ராக்கெட்டுகளைப் பொதுமக்கள் வாங்குவதில்லை. அதன் பெரிய வாடிக்கையாளர்கள் நாசாவும் அமெரிக்க பாதுகாப்புத் துறையும்தான். 'எக்ஸ்' சமூக வலைதளம் 2022 அக்டோபர் முதல் அவரது தனிப்பட்ட கட்டுப்பாட்டில் உள்ளது. போராட்டம் நடைபெற்ற காலத்தில் பங்குச் சந்தையில் அது பட்டியலிடப்பட்டிருக்கவில்லை.

அந்த வலைதளத்துக்கு எதிராக 2023 நவம்பரில் ஆப்பிள், டிஸ்னி, ஐபிஎம் உள்ளிட்ட நிறுவனங்கள் விளம்பரங்களை நிறுத்தி வைத்தன. மஸ்க் பணியவில்லை. பொது மேடையிலேயே விளம்பரதாரர்களைக் கடுமையாகச் சாடினார். 2024 ஆகஸ்டில் விளம்பரதாரர்களின் கூட்டமைப்பு ஒன்றின் மீது 'எக்ஸ்' வழக்கு தொடுத்தது. சில நாள்களிலேயே அக்கூட்டமைப்பு தன் விளம்பரதாரர் பிரிவின் செயல்பாட்டை நிறுத்திக் கொண்டது. கணக்குக் கேட்கப் பொதுப் பங்குதாரர்கள் இல்லாத ஒரு நிறுவனத்தில் இழப்பைத் தாங்கிக் கொண்டு திருப்பித் தாக்குவது உரிமையாளருக்கு எளிது என்பதை அந்த நிகழ்வு காட்டியது.

டெஸ்லாவின் நிலை வேறு. அதன் கார்களை வாங்குபவர்கள் சாதாரணக் குடிமக்கள். அதன் பங்குகள் தினமும் சந்தையில் விலை பேசப்படுகின்றன. மஸ்கின் சொத்தில் பெரும் பகுதி அப்பங்குகளின் மதிப்பைச் சார்ந்தது. அவர் தன் பங்குகளில் ஒரு பகுதியைக் கடனுக்கு ஈடாக வைத்துள்ளதை நிறுவனத்தின் ஆவணங்களே தெரிவிக்கின்றன. எனவே, பங்கு விலையைத் தொட்டால் மஸ்கைத் தொடலாம் என்பது போராட்டக்காரர்களின் கணக்கு.

இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவில் மின்சார கார்களை அதிகம் விரும்பி வாங்கியவர்கள், சுற்றுச்சூழலில் அக்கறை கொண்ட, ஜனநாயகக் கட்சி சார்புடைய நகர்ப்புற மக்கள். மஸ்கின் அரசியலை ஏற்காதவர்களும், அவரது காரை வாங்கக்கூடியவர்களும் பெருமளவில் ஒரே கூட்டத்தினர். போராட்டத்துக்கு இத்தகைய பொருத்தம் அரிதாகவே அமையும்.

எண்கள் சொல்வது என்ன?

2025-ஆம் ஆண்டின் முதல் காலாண்டில் டெஸ்லா 3,36,681 கார்களை வாடிக்கையாளர்களுக்கு வழங்கியது. முந்தைய ஆண்டின் இதே காலத்துடன் ஒப்பிட்டால் இது 13 சதவீதம் குறைவு. நிகர லாபம் 71 சதவீதம் வீழ்ந்து 40.9 கோடி டாலராகச் சுருங்கியது. பிற கார் நிறுவனங்களுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வரவுகளை விற்றதன் மூலம் மட்டும் 59.5 கோடி டாலர் கிடைத்தது. அந்த வருவாய் இல்லாவிடில் காலாண்டு நஷ்டத்தில் முடிந்திருக்கும். ஜெர்மனியில் பிப்ரவரி மாத விற்பனை, முந்தைய ஆண்டைவிட 76 சதவீதம் குறைந்தது.

பங்குச் சந்தையும் பின்தங்கவில்லை. 2024 டிசம்பரில் 1.5 லட்சம் கோடி டாலரைத் தாண்டியிருந்த டெஸ்லாவின் சந்தை மதிப்பு, 2025 மார்ச் 10-ஆம் தேதி வாக்கில் பாதிக்கும் கீழே சென்றது. அன்று ஒரே நாளில் பங்கு விலை 15 சதவீதம் சரிந்தது. மறுநாள் டிரம்ப், வெள்ளை மாளிகை வளாகத்தில் டெஸ்லா கார்களை வரிசையாக நிறுத்தி, ஒன்றைத் தாமே வாங்குவதாக அறிவித்தார். வர்த்தக அமைச்சர் ஹோவர்ட் லுட்னிக், தொலைக்காட்சி நேர்காணலில் டெஸ்லா பங்குகளை வாங்குமாறு மக்களுக்கு அறிவுறுத்தினார். ஒரு தனியார் நிறுவனத்தின் விற்பனைக்காக ஓர் அரசே களத்தில் இறங்கியது, போராட்டத்தின் அழுத்தம் எங்கு உணரப்பட்டது என்பதற்குச் சான்று.

எனினும் சரிவு முழுவதையும் போராட்டத்தின் கணக்கில் எழுதுவது சரியன்று. டெஸ்லாவின் ஆண்டு விற்பனை 2024-ஆம் ஆண்டிலேயே சற்றுக் குறைந்திருந்தது. 2025 தொடக்கத்தில் அதிகம் விற்பனையாகும் 'மாடல் ஒய்' காரின் புதிய வடிவத்துக்காக அனைத்துத் தொழிற்சாலைகளிலும் உற்பத்தி சில வாரங்கள் தடைபட்டது. பிஒய்டி உள்ளிட்ட சீன நிறுவனங்களின் போட்டி கடுமையானது. மறுபுறம், நார்வேயில் 2025-ஆம் ஆண்டில் டெஸ்லா விற்பனை அதிகரிக்கவே செய்தது.

இவற்றைப் பிரித்தறிய யேல் பல்கலைக்கழகப் பொருளாதார வல்லுநர்கள் முயன்றனர். மஸ்கின் வெளிப்படையான கட்சி அரசியல் இல்லாதிருந்தால், 2022 அக்டோபர் முதல் 2025 ஏப்ரல் வரை அமெரிக்காவில் டெஸ்லா கூடுதலாக 10 லட்சம் முதல் 12.6 லட்சம் கார்களை விற்றிருக்கும் என்று அவர்களது ஆய்வு மதிப்பிட்டது. இழந்த வாடிக்கையாளர்களில் ஒரு பகுதியினர் மின்சார காரையே கைவிடாமல், வேறு நிறுவனங்களின் மின்சார, ஹைபிரிட் கார்களுக்கு மாறினர் என்பதும் அதன் முடிவு. இந்த ஆய்வு கணக்கிடும் காலத்தில் பெரும்பகுதி, போராட்டம் தொடங்குவதற்கு முந்தையது. அதாவது, மறியல் நடைபெறுவதற்கு முன்பே பல வாடிக்கையாளர்கள் ஓசையின்றி விலகத் தொடங்கியிருந்தனர். போராட்டம் அந்த விலகலுக்கு ஒரு பெயரும் முகவரியும் கொடுத்தது.

மஸ்க் அசைந்தாரா?

2025 மார்ச் இறுதியில் விஸ்கான்சின் மாகாணத்தில் பேசிய மஸ்க், அரசுப் பணியால் டெஸ்லாவின் பங்கு மதிப்பு ஏறத்தாழ பாதியாகிவிட்டதாகக் கூறி, அது தமக்கு மிகவும் விலை உயர்ந்த வேலையாக அமைந்துவிட்டதை ஒப்புக் கொண்டார். அம்மாகாண உச்சநீதிமன்ற நீதிபதி தேர்தலில் அவரும் அவர் சார்ந்த அமைப்புகளும் 2 கோடி டாலருக்கு மேல் செலவிட்டனர். ஏப்ரல் 1-ஆம் தேதி நடைபெற்ற வாக்கெடுப்பில் அவர் ஆதரித்த வேட்பாளர் சுமார் 10 சதவீதப் புள்ளிகள் வித்தியாசத்தில் தோற்றார்.

ஏப்ரல் 22-ஆம் தேதி காலாண்டு முடிவுகள் வெளியான அன்று, மே மாதம் முதல் டோஜ் பணிக்கு ஒதுக்கும் நேரத்தைக் கணிசமாகக் குறைத்துக் கொள்வதாக முதலீட்டாளர்களிடம் மஸ்க் அறிவித்தார். மறுநாள் டெஸ்லா பங்கு விலை உயர்ந்தது. மே மாத இறுதியில் அவர் அரசுப் பொறுப்பிலிருந்து வெளியேறினார்.

130 நாள் வரம்பு முடியவிருந்ததால் அவர் எப்படியும் விலகியிருப்பார் என்பது அவரது ஆதரவாளர்களின் வாதம். இதைப் புறந்தள்ள இயலாது. எனினும், விலகலை அவர் அறிவித்த இடம் கவனத்துக்குரியது. அதிபரின் அலுவலகத்திலோ செய்தியாளர் சந்திப்பிலோ அல்லாமல், லாபம் 71 சதவீதம் வீழ்ந்ததை விளக்க வேண்டியிருந்த முதலீட்டாளர் கூட்டத்தில்தான் அந்த உறுதியை அவர் அளித்தார்.

ஆனால் அவரது பணியின் விளைவுகள் அவருடன் சேர்ந்து விலகவில்லை. யுஎஸ்எய்ட் 2025 ஜூலை 1-ஆம் தேதியுடன் தன் உதவித் திட்டப் பணிகளை நிறுத்தியது. ஜூன் மாதத் தொடக்கத்தில் டிரம்ப்புக்கும் மஸ்குக்கும் இடையே வெளிப்படையான மோதல் வெடித்தது. ஒருவர் அரசு ஒப்பந்தங்களை ரத்து செய்யப் போவதாகவும், மற்றவர் விண்வெளி வீரர்களை ஏற்றிச் செல்லும் 'டிராகன்' விண்கலத்தைப் பணியிலிருந்து நீக்கப் போவதாகவும் மிரட்டினர். இரண்டும் நடைபெறவில்லை. நவம்பரில் சவூதி பட்டத்து இளவரசருக்கு வெள்ளை மாளிகையில் அளிக்கப்பட்ட விருந்தில் மஸ்கும் பங்கேற்றார். அரசுக்கும் அவருக்கும் இடையிலான இந்தப் பரஸ்பரத் தேவையை எந்தக் கார் விற்பனையகத்தின் வாசலிலிருந்தும் அறுக்க முடியவில்லை.

பங்குதாரர்களின் தீர்ப்பு

நுகர்வோர் போராட்டத்தின் எல்லை மிகத் தெளிவாகத் தெரிந்த நாள் 2025 நவம்பர் 6. அன்று டெஸ்லா பங்குதாரர்களில் வாக்களித்தவர்களுள் 75 சதவீதத்துக்கும் அதிகமானோர், மஸ்குக்கு அடுத்த பத்து ஆண்டுகளில் 1 லட்சம் கோடி டாலர் வரை மதிப்புள்ள பங்குகளை வழங்கும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தனர். நார்வே நாட்டின் அரசு முதலீட்டு நிதியம் எதிர்த்து வாக்களித்தும் பயனில்லை.

முழு ஆண்டுக்கான கணக்கில் டெஸ்லா சுமார் 16.4 லட்சம் கார்களையே வழங்கியிருந்தது. முந்தைய ஆண்டைவிட இது 8 சதவீதத்துக்கும் அதிகமான வீழ்ச்சி. மின்சார கார் விற்பனையில் உலகின் முதலிடத்தை பிஒய்டியிடம் அது இழந்தது. இருந்தும் டிசம்பரில் பங்கு விலை புதிய உச்சத்தை எட்டியது. காரணம், முதலீட்டாளர்கள் இன்று விற்பனையாகும் கார்களுக்கு விலை கொடுக்கவில்லை. தானியங்கி டாக்சி, மனித வடிவ ரோபோ எனும் எதிர்கால வாக்குறுதிகளுக்கே விலை கொடுக்கின்றனர். அந்த வாக்குறுதிகளின் உருவம் மஸ்க்தான் என்பதால், அவரை இழப்பதையே அவர்கள் பெரிய ஆபத்தாகக் கருதினர். இன்றைய வாடிக்கையாளர் கதவைச் சாத்தலாம். நாளைய கனவை வாங்குபவரை அவரால் தடுக்க இயலாது.

இந்தியாவில் கிடைத்த பாடம்

செல்வாக்கு மிக்க தொழில் குழுமங்களுக்கு எதிராக நுகர்வோர் புறக்கணிப்பைக் கையில் எடுத்த அனுபவம் இந்தியாவுக்கும் உண்டு. மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து தில்லி எல்லைகளில் போராடிய விவசாய அமைப்புகள், 2020 டிசம்பரில் ரிலையன்ஸ், அதானி குழுமங்களின் பொருள்களையும் சேவைகளையும் புறக்கணிக்குமாறு அழைப்பு விடுத்தன. இச்சட்டங்களால் பெருநிறுவனங்களே பயனடையும் என்பது அவர்களின் குற்றச்சாட்டு. நிறுவனங்கள் அதை மறுத்தன.

பஞ்சாபில் பலர் ஜியோ இணைப்பிலிருந்து வேறு நிறுவனங்களுக்கு மாறினர். போட்டி நிறுவனங்கள் வதந்தி பரப்புவதாக ஜியோ, டிராய் அமைப்பிடம் புகார் அளித்தது. 2021 ஜனவரி 4-ஆம் தேதி ரிலையன்ஸ் வெளியிட்ட அறிக்கையில், ஒப்பந்த விவசாயத்தில் இறங்கும் திட்டம் தமக்கு இல்லை என்றும், விவசாய நிலம் எதையும் அதற்காக வாங்கவில்லை என்றும் தெரிவித்தது. ஒரு பெருநிறுவனத்தைப் பொதுவெளியில் விளக்கம் அளிக்க வைத்தது புறக்கணிப்பின் பயன். ஆனால் சட்டங்கள் அதனால் விலகவில்லை. ஓராண்டுக்கும் மேலான சாலைப் போராட்டத்துக்குப் பிறகு, 2021 நவம்பர் 19-ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடி அறிவித்து, நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவின் மூலமே அவை திரும்பப் பெறப்பட்டன.

இந்தியாவிலும் அமெரிக்காவிலும் வன்முறை ஒரே விதமான கேட்டைத் தந்தது. பஞ்சாபில் நூற்றுக்கணக்கான செல்பேசி கோபுரங்கள் சேதப்படுத்தப்பட்டன. அதன் பின்னர் பேச்சு வேளாண் சட்டங்களை விட்டு விலகி, சட்டம் ஒழுங்கு பற்றியதாக மாறியது. அமெரிக்காவில் சில டெஸ்லா மையங்களில் தீவைப்பு நடந்தது. அவற்றை 'உள்நாட்டு பயங்கரவாதம்' என அட்டர்னி ஜெனரல் பாம் போண்டி வர்ணித்தார். போராட்ட அமைப்பாளர்கள் வன்முறையைக் கண்டித்த போதிலும், அமைதியாகப் பதாகை பிடித்து நின்றவர்களும் சந்தேகத்துடன் பார்க்கப்பட்டனர். மஸ்கின் அரசியலில் தொடர்பே இல்லாத தனிநபர்களின் கார்களிலும் கிறுக்கப்பட்டது. புறக்கணிப்பின் வலிமை அது தரும் நியாய உணர்வில் இருக்கிறது. அண்டை வீட்டுக்காரரின் காரைச் சேதப்படுத்தும்போது அந்த நியாயமே முதலில் இழக்கப்படுகிறது.

விலையும் தீர்ப்பும்

புறக்கணிப்புகளை ஆராய்ந்து வரும் அமெரிக்கப் பேராசிரியர் பிரேடன் கிங், அவை விற்பனையைக் குறைப்பதைவிட நிறுவனத்தின் நற்பெயரை அச்சுறுத்துவதாலேயே பெரும்பாலும் பயனளிக்கின்றன என்று கூறி வருகிறார். டெஸ்லா விவகாரத்தில் விற்பனை, நற்பெயர் இரண்டுமே பாதிக்கப்பட்டன. அப்படியிருந்தும் பலன் ஓர் எல்லையில் நின்றது.

இதற்கு விளக்கம் தேடுவோருக்கு மான்ட்கோமெரி நகரப் பேருந்துப் புறக்கணிப்பு நல்ல ஒப்பீடு. 1955 டிசம்பர் 5-ஆம் தேதி தொடங்கி 381 நாள்கள் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறாமல் நடந்தனர். பேருந்து நிறுவனம் பெரும் வருவாயை இழந்தது. எனினும் இருக்கைகளில் இனப் பாகுபாட்டை முடிவுக்குக் கொண்டு வந்தது அமெரிக்க உச்சநீதிமன்றம் உறுதி செய்த தீர்ப்புதான். அந்தத் தீர்ப்பு வரும்வரை பிரச்னையை உயிருடன் வைத்திருந்தது நடந்து சென்றவர்களின் கால்கள். அங்கே கோரிக்கை ஒன்றே. அதை நிறைவேற்ற ஒரு நீதிமன்றமும் இருந்தது.

டெஸ்லா போராட்டத்தில் ஒரு நிறுவனத்தின் வருவாயைத் தாக்க முடிந்தது. ஆனால் எதிர்க்கப்பட்ட செயல்கள் நிகழ்ந்த இடம் அரசு. அங்கே முடிவெடுக்க வேண்டியவை நீதிமன்றங்கள், நாடாளுமன்றம், வாக்குச்சாவடிகள். விஸ்கான்சின் வாக்காளர்கள் தங்கள் பங்கைச் செய்தனர். பணிநீக்கங்களுக்கு எதிரான வழக்குகளில் நீதிபதிகள் சில இடங்களில் தலையிட்டனர். நாடாளுமன்றப் பெரும்பான்மையோ அதிபருடனேயே நின்றது.

எனவே ஓராண்டு அனுபவம் தரும் கணக்கு இதுதான்: அரசியல் அதிகாரத்தைக் கையில் எடுக்கும் செல்வந்தருக்கு, அதற்கான விலையை நுகர்வோர் நிர்ணயிக்க முடியும். அந்த விலையைக் கொடுக்க அவர் தயங்கும்படியும் செய்ய முடியும். ஆனால் அதிகாரத்தை அவரிடமிருந்து திரும்பப் பெறுவது கடைவீதியில் முடிகிற காரியம் அன்று.

மும்பையில் 2025 ஜூலை 15-ஆம் தேதி டெஸ்லா தன் முதல் இந்திய விற்பனையகத்தைத் திறந்தது. அப்போது அங்கு காரின் தொடக்க விலை சுமார் 60 லட்சம் ரூபாயாக இருந்தது. அதை வாங்குவதா வேண்டாமா என்பது மிகச் சிலருக்கே எழும் கேள்வி. ஆனால் செல்பேசி இணைப்பு முதல் சமையல் எண்ணெய் வரை, ஒவ்வொரு நாளும் நாம் செலவிடும் பணம் யாருடைய கைக்குச் செல்கிறது, அந்தக் கை வேறு எதையெல்லாம் நகர்த்துகிறது என்ற கேள்வி அனைவருக்கும் உரியது. அந்தக் கேள்வியைக் கடையில் எழுப்பலாம். பதிலை வாக்குச்சாவடியிலும் நீதிமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும்தான் கேட்டுப் பெற வேண்டும்.